மேயர் எலுமிச்சையின் கதை: ஒரு வீட்டு மரமும் இரண்டு நோய்களும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பல இலட்சம் வீடுகளின் பின்புறத்தில் ஏதாவது ஒரு எலுமிச்சை இன மரம் நிற்கிறது. அவற்றுள் மக்கள் மிகவும் விரும்பி வளர்ப்பது மேயர் எலுமிச்சை. சிறிய மரம், தொட்டியிலும் வளரும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் காய்க்கும்.

வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஒரு மரத்துக்குப் பெரிதாக என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் இந்த மரம் ஒரு காலத்தில் அரசு வெட்டச் சொன்ன மரம். பச்சைப்பசேல் என்று நின்றுகொண்டே பக்கத்துத் தோப்புகளை அழிக்கக்கூடிய நோயைச் சுமந்த மரம். அதைத் திருத்தி மறுபடியும் வீடுகளுக்குக் கொண்டுவந்த பிறகு, அதே மாநிலத்தின் வீட்டுத் தோட்டங்களில் இன்னொரு நோய் வந்து சேர்ந்தது. வீட்டில் எலுமிச்சை வளர்ப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

எது எலுமிச்சை?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் எலுமிச்சை என்று நாம் சொல்வது உருண்டையான, தோல் மெல்லிய, சிறிய பழம். ஆங்கிலத்தில் இதற்கு லைம் என்று பெயர். மேலை நாட்டவர் லெமன் என்று சொல்வது இதைவிடப் பெரியது, நீள்வட்ட வடிவம், தடித்த மஞ்சள் தோல், ஒரு முனையில் குமிழ் போன்ற கூர்ப்பு. இரண்டும் நெருங்கிய உறவினர்கள், ஆனால் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை பெரும்பாலும் லெமனைப் பற்றியது. நம் ஊர் எலுமிச்சையும் நடுவில் ஒரு முக்கியமான வேலைக்காக வந்து போகும்.

கலிபோர்னியாவில் வணிகத் தோப்புகளில் வளர்வது பெரும்பாலும் யுரேகா, லிஸ்பன் என்ற இரு வகை லெமன்கள். இவை தோல் தடித்தவை. பெட்டியில் அடுக்கி ஆயிரம் மைல் அனுப்பினாலும் தாங்கும். மேயர் எலுமிச்சை அப்படியல்ல. தோல் மெல்லியது, சாறு அதிகம், புளிப்பு குறைவு, இலேசான கமலா ஆரஞ்சு வாசனை உண்டு. அழுத்திப் பிடித்தாலே காயம்படும். அதனால்தான் நீண்ட காலம் அது சந்தைக்குப் போகாமல் வீட்டுக் கொல்லையிலேயே தங்கிவிட்டது. அது உண்மையில் தூய லெமனும் அல்ல. கடாரங்காய் ஒரு பெற்றோர், மாண்டரின் ஆரஞ்சும் பம்ப்ளிமாசும் கலந்த ஒரு கலப்பினம் இன்னொரு பெற்றோர் என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

நடந்தே நாடுகளைக் கடந்தவர்

மேயர் என்பது ஒரு மனிதரின் பெயர். பிராங்க் மேயர் 1875-ல் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தவர். அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் புகழ்பெற்ற தாவரவியல் அறிஞர் ஹியூகோ டி விரீசிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 1901-ல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். அந்தக் காலத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறை, உலகெங்கும் ஆட்களை அனுப்பிப் பயனுள்ள பயிர்களைத் தேடிக் கொண்டுவரும் ஒரு பிரிவை நடத்தி வந்தது. அதன் தலைவர் டேவிட் ஃபேர்சைல்ட். அவர் 1905-ல் மேயரைச் சீனாவுக்கு அனுப்பினார்.

மேயருக்கு நடப்பதில் சலிப்பே கிடையாது. சீனா, மஞ்சூரியா, கொரியா, மத்திய ஆசியா என்று ஆயிரக்கணக்கான மைல்கள் நடந்தே சுற்றினார். விதைகளையும் குச்சிகளையும் ஈரப்பாசியில் சுற்றிக் கப்பலில் அனுப்பினார். நான்கு பயணங்களில் அவர் அனுப்பிய தாவரங்கள் சுமார் 2,500.

1908-ல் பீக்கிங் நகருக்கு அருகே ஃபெங்தாய் என்ற இடத்தில் ஒரு செடியைக் கண்டார். அங்கே அதைத் தோப்பில் வளர்க்கவில்லை. வீட்டு முற்றத்தில் தொட்டியில் அழகுக்காக வளர்த்தார்கள். ஆக, அமெரிக்காவுக்கு வருவதற்கு முன்பும் அது வீட்டுச் செடிதான். வேளாண்மைத் துறையின் பதிவேட்டில் அதற்கு 23028 என்ற எண் கிடைத்தது. பிறகு கொண்டுவந்தவரின் பெயரே நிலைத்துவிட்டது.

மேயர் அந்தப் புகழைக் காண அதிக நாள் இருக்கவில்லை. 1918 ஜூன் மாதம் யாங்சி ஆற்றில் ஒரு நீராவிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது இரவில் காணாமல் போனார். சில நாட்கள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது. தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா என்பது கடைசிவரை தெளியவில்லை. அப்போது அவருக்கு வயது 42.

அவர் அனுப்பிய எலுமிச்சை மெல்ல மெல்லப் பரவியது. குளிரை மற்ற லெமன்களைவிட நன்றாகத் தாங்கியதால் கலிபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களில் இடம் பிடித்தது. குச்சியை ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கும் என்பதால் ஒருவர் மரத்திலிருந்து இன்னொருவர் குச்சி வாங்கி வைப்பது சாதாரணமாக நடந்தது. நம் ஊரில் செம்பருத்திக் குச்சியும் மல்லிகைப் பதியனும் கைமாறுவது போலத்தான்.

சோகம் என்று பெயர் பெற்ற நோய்

இங்கே கதை தென் அமெரிக்காவுக்குத் திரும்புகிறது.

ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றைப் பெரும்பாலும் ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். கீழே வேர் கொடுப்பது ஒரு வகை, மேலே காய் கொடுப்பது வேறொரு வகை. கீழே இருப்பதை வேர்ச்செடி என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வேரழுகல் நோய் பல நாடுகளில் ஆரஞ்சுத் தோப்புகளை நாசம் செய்தது. அதைத் தாங்கக்கூடியது புளிப்பு ஆரஞ்சு என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பெரும்பாலான நாடுகளில் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியின் மேல்தான் இனிப்பு ஆரஞ்சை ஒட்டுக்கட்டினார்கள். ஒரு நோய்க்குக் கண்ட அந்தத் தீர்வு, அடுத்த நோய்க்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டது.

1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் புளிப்பு ஆரஞ்சு வேரில் நின்ற மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய ஆரம்பித்தன. இலை வெளிறும், தொங்கும், உதிரும். சில மரங்கள் சில வாரங்களிலேயே காய்ந்துபோகும். மரங்கள் தலை கவிழ்ந்து நின்ற தோற்றத்தைப் பார்த்த பிரேசில் மக்கள் நோய்க்கு டிரிஸ்டேசா என்று பெயர் வைத்தார்கள். போர்த்துகீசிய மொழியில் அதற்குச் சோகம் என்று பொருள்.

காரணம் ஒரு வைரஸ் என்பது 1946-ல் தெளிவானது. பிரேசிலில் மெனகினி என்ற ஆய்வாளர், அசுவினிப் பூச்சி இந்த நோயை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வதைக் காட்டினார். அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஃபாசெட், வாலஸ் என்ற இருவர், அங்கே 1939 முதல் மரங்களைக் கொன்றுவந்த ‘விரைவுச் சரிவு’ நோயும் வைரசால் வருவதே என்று காட்டினார்கள். பிறகு இரண்டும் ஒரே நோய் என்று தெரிந்தது. உலகம் முழுவதும் இதனால் அழிந்த மரங்கள் ஏறக்குறைய 10 கோடி என்பது ஒரு மதிப்பீடு.

இந்த வைரஸ் மரத்தைக் கொல்லும் விதம் விசித்திரமானது. இலையில் தயாராகும் உணவு, பட்டைக்கு அடியில் உள்ள புளோயம் என்ற திசு வழியாக வேருக்கு இறங்குகிறது. ஒட்டுக்கட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, புளிப்பு ஆரஞ்சின் புளோயம் இந்த வைரசால் செத்துப்போகிறது. வேருக்கு உணவு இறங்குவதில்லை. மேலே மரம் நன்றாக இருப்பது போல நிற்க, கீழே வேர் பட்டினி கிடந்து அழிகிறது. வேர் போனதும் மரம் சாய்கிறது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் எந்த வகை என்பதைப் பொறுத்தே மரம் பிழைக்கிறது அல்லது சாகிறது. சில சேர்க்கைகளில் வைரஸ் உள்ளே இருந்தும் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

மேயர் எலுமிச்சைக்கு நேர்ந்தது அதுதான். 1940-களிலும் 1950-களிலும் நடந்த ஆய்வுகளில், கலிபோர்னியாவின் மேயர் மரங்கள் டிரிஸ்டேசா வைரசைச் சுமந்து நிற்பது தெரியவந்தது. இலையில் மஞ்சள் இல்லை, வாட்டம் இல்லை, காய்ப்பும் குறையவில்லை. பீக்கிங்கிலிருந்து வந்த குச்சியோடு வைரசும் வந்து, வீட்டுக்கு வீடு கைமாறிய குச்சிகளோடு பல பத்தாண்டுகளாகப் பரவியிருந்தது. ஒரு அசுவினி வீட்டு மரத்தில் சாறு உறிஞ்சிவிட்டு வேலி தாண்டித் தோப்புக்குப் போனால் போதும்.

அடுத்து நடந்தது எதிர்பார்த்ததுதான். பல பகுதிகளில் மேயர் எலுமிச்சையை வளர்க்கவும் விற்கவும் தடை வந்தது. ஏராளமான மரங்கள் வெட்டி அழிக்கப்பட்டன. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு மரத்தை, அதன் உரிமையாளர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத ஒரு மரத்தை, நோய் பிடித்தது என்று சொல்லி வெட்டுவது எவ்வளவு கடினமான வேலை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நம் எலுமிச்சை செய்த வேலை

கண்ணுக்குத் தெரியாத வைரஸ் ஒரு மரத்தில் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கு உதவியதுதான் நம் ஊர் எலுமிச்சை.

தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பகுதியைச் சேர்ந்த இந்தச் சிறு புளிப்பு எலுமிச்சை அரபு வணிகர்கள் வழியாக மேற்கே போனது. அங்கிருந்து ஸ்பானியர்கள் வழியாக அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. அங்கே அதற்கு மெக்சிகன் லைம் என்று பெயர். டிரிஸ்டேசா வைரஸ் உள்ள மரத்திலிருந்து ஒரு மொட்டையோ பட்டைத் துண்டையோ எடுத்து மெக்சிகன் லைம் நாற்றில் ஒட்டினால், சில வாரங்களில் அதன் இளந்துளிரில் நரம்புகள் கண்ணாடி போல வெளிறித் தெரியும். வெளிச்சத்துக்கு நேராக இலையைத் தூக்கிப் பிடித்தாலே போதும். நோயை மறைக்கத் தெரியாத செடி என்பதால் அது நோய் காட்டும் செடி ஆனது. இன்றைய பி.சி.ஆர். சோதனைகள் வருவதற்கு முன்பு பல பத்தாண்டுகள் இந்த நாற்றுகள்தான் ஆய்வுக்கூடமாக இருந்தன.

திருந்திய மரம்

1950-களில் ஃபோர் விண்ட்ஸ் குரோவர்ஸ் என்ற கலிபோர்னிய நாற்றுப்பண்ணையைச் சேர்ந்த டான் டில்லன், வைரஸ் இல்லாத ஒரு மேயர் எலுமிச்சையைக் கண்டெடுத்தார். அதை உறுதி செய்து கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1975-ல் ‘மேம்படுத்தப்பட்ட மேயர் எலுமிச்சை’ என்ற பெயரில் வெளியிட்டது. காயின் சுவையிலோ உருவத்திலோ புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மேம்படுத்தப்பட்டது என்றால் வைரஸ் நீங்கியது என்று மட்டுமே பொருள்.

இதே காலத்தில் இன்னொரு முக்கியமான வேலையும் நடந்தது. உயிரியல் படித்தவர்களுக்குத் திசு வளர்ப்புப் பாடத்தில் வரும் முராஷிகே என்ற பெயர் நினைவிருக்கும். அவரும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் அவரோடு வேலை செய்தவர்களும் 1970-களில் நுனி ஒட்டு என்ற முறையை எலுமிச்சை இனங்களுக்கு உருவாக்கினார்கள். ஒரு தளிரின் கடைசி நுனியில், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு அளவுள்ள பகுதியில், வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த நுனியை மட்டும் உருப்பெருக்கியின் கீழ் வெட்டி எடுத்து, சோதனைக் குழாயில் வளரும் இளநாற்றின் மேல் வைத்து வளர்ப்பார்கள். நோயுள்ள மரத்திலிருந்து நோயற்ற மரம் பிறக்கும். இன்று உலகின் பல நாடுகளில் சான்று பெற்ற ஒட்டுக்கன்றுகளின் தாய்மரங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன.

மேயர் எலுமிச்சைக்கு மறுவாழ்வு வந்தது. பெர்க்லி நகரின் ஷே பனிஸ் உணவகம் அதை இனிப்பு வகைகளில் பயன்படுத்திப் புகழ் தேடிக் கொடுத்தது. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளால் நாடறிந்த மார்த்தா ஸ்டூவர்ட்டும் தன் சமையல் குறிப்புகளில் சேர்த்தார். ஒரு காலத்தில் வெட்டச் சொன்ன மரத்தை மக்கள் நர்சரியில் தேடிப் போய் வாங்கினார்கள்.

அதே 1908-ல் பெயர் பெற்ற பூச்சி

மேயர் ஃபெங்தாயில் எலுமிச்சையைக் கண்ட அதே 1908-ல், குவாயாமா என்ற ஜப்பானியப் பூச்சியியல் அறிஞர் தைவானில் கிடைத்த ஒரு சிறு பூச்சிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். டயாஃபோரினா சிட்ரி. ஆசிய எலுமிச்சை சைலிட் என்று இன்று அழைக்கப்படுவது இதுதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இலையில் தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்திச் சாய்வாக உட்காரும். இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும்.

அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் சீனாவின் தெற்குப் பகுதியில் ஹுவாங்லாங்பிங் என்ற நோய் ஆரஞ்சு மரங்களை அழித்துக்கொண்டிருந்தது. இது ஒட்டின் மூலம் தொற்றும் நோய் என்பதை லின் குங் சியாங் என்ற சீன ஆய்வாளர் 1950-களில் நிறுவினார். இந்தியாவில் கபூர், ராவ், விஸ்வநாத் என்ற மூவர், இந்தச் சைலிட் பூச்சிதான் நோயை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது என்று 1967-ல் வெளியிட்டார்கள். வைரஸ் என்று முதலில் நினைத்தது புளோயத்தில் வாழும் ஒரு பாக்டீரியா என்பது அதன் பிறகு தெரிந்தது.

டிரிஸ்டேசாவுக்கு வேர்ச்செடியை மாற்றித் தப்பிக்க முடிந்தது. இந்த நோய்க்கு அப்படி எந்த வழியும் கிடைக்கவில்லை. நோய் வந்த மரத்தைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. நோய் தொற்றிப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் வரை மரம் வெளியே எதையும் காட்டாது. பிறகு இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் வரும். காய் கோணலாகும், பழுத்தாலும் அடிப்பகுதி பச்சையாகவே இருக்கும், சாறு கசக்கும்.

ஃபுளோரிடாவின் பாடம்

அமெரிக்காவில் இந்தப் பூச்சி 1998-ல் ஃபுளோரிடாவில் முதலில் காணப்பட்டது. நோய் 2005 ஆகஸ்டில் மயாமிக்குத் தெற்கே கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது அந்த மாநில மக்கள், வீட்டு மரங்கள் விஷயத்தில் அரசின் மேல் கடும் கோபத்தில் இருந்தார்கள். அதற்குக் காரணம் வேறொரு நோய்.

1995-ல் மயாமி விமான நிலையத்துக்கு அருகே ஒரு வீட்டு மரத்தில் சொறி நோய் காணப்பட்டது. இதுவும் பாக்டீரியாவால் வருவது, மழையிலும் காற்றிலும் பரவும். நோயுள்ள மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருக்கும் எலுமிச்சை இன மரங்கள் அனைத்தையும், நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வெட்டுவது என்று 2000-ல் மாநில அரசு முடிவெடுத்தது. ஒரு நோய் மரத்துக்காகப் பல தெருக்களின் மரங்கள் போயின. முதல் மரத்துக்கு 100 டாலர் மதிப்புள்ள கடைச் சீட்டு கிடைத்தது. வழக்குகள் நடந்தன. மாநில உச்ச நீதிமன்றம் 2004-ல் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வந்த சூறாவளிகள் கிருமியை மாநிலம் முழுவதும் தூவிவிட்டன. 2006 ஜனவரியில் மத்திய வேளாண்மைத் துறை, இனி ஒழிக்க முடியாது என்று கைவிரித்தது. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தன.

பல இலட்சம் வீட்டு மரங்களை இழந்தும் சொறி நோய் ஒழியவில்லை. அந்த நேரத்தில்தான் அதைவிடக் கொடிய நோய் உள்ளே வந்தது. 2003-04 பருவத்தில் 24 கோடி பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த ஃபுளோரிடாவில், 2023-24 பருவத்தில் விளைந்தது சுமார் 1.8 கோடி பெட்டி. புயல்களும் நிலம் கைமாறியதும் இதில் சேர்ந்தாலும், பெரிய காரணம் இந்த நோய்தான்.

ஹசியெண்டா ஹைட்ஸ் மரம்

கலிபோர்னியாவில் சைலிட் பூச்சி 2008-ல் சான் டியாகோ பகுதியில் காணப்பட்டது. நோய் முதன்முதலாகத் தெரிந்தது 2012 மார்ச் மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில். எந்தத் தோப்பிலும் அல்ல, ஒரு வீட்டின் எலுமிச்சை மரத்தில். அந்த மரத்தில் பம்ப்ளிமாசும் ஒட்டுக்கட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வந்த ஒட்டுக்குச்சி வழியாகவே நோய் நுழைந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அந்த மரம் அகற்றப்பட்டது. அடுத்த மரம் 2015-ல் சான் கேப்ரியல் பகுதியில், அதுவும் ஒரு வீட்டுத் தோட்டத்தில். அதன் பிறகு கண்டறியப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஏறக்குறைய எல்லாமே வீட்டு மரங்கள்தான்.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நோய்க்கிருமி அதில் தங்குவதில்லை என்றாலும், சைலிட் பூச்சி அதில் நன்றாக வாழ்ந்து பெருகும். 2009-ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பொதியை மோப்ப நாய் பிடித்தது. உள்ளே இருந்த கறிவேப்பிலையில் உயிருள்ள சைலிட் பூச்சிகள் இருந்தன. சோதித்தபோது அவற்றில் நோய்க்கிருமியும் இருந்தது. அமெரிக்காவில் கறிவேப்பிலைச் செடியை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் இருப்பது இதனால்தான். ஊரிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை கொண்டுபோகும் ஆசை இயல்பானது. ஆனால் அதற்குள் ஒளிந்திருப்பது அடுத்த தெருவின் எலுமிச்சை மரத்துக்கு எமனாகலாம்.

ஃபுளோரிடாவில் நடந்ததைப் பார்த்த கலிபோர்னியா வேறு வழிகளையும் முயன்றது. ரிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த மார்க் ஹாடில், கிறிஸ்டினா ஹாடில் தம்பதியினர் பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதிக்குப் போய், சைலிட் பூச்சியின் இயற்கை எதிரியான டமரிக்சியா என்ற சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். இந்தக் குளவி சைலிட் குஞ்சின் அடியில் முட்டையிடும். பொரித்து வரும் புழு அந்தக் குஞ்சையே தின்று வளரும். 2011 டிசம்பரில் முதல் குளவிகள் விடப்பட்டன. தோப்பில் மருந்து தெளிக்கலாம், ஆனால் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் திரும்பத் திரும்பப் போய்த் தெளிக்க முடியாது. அங்கே குளவிதான் வேலைக்காரன். அதற்கும் ஒரு தடை உண்டு. சைலிட் குஞ்சுகள் கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து, குளவிகளை விரட்டிவிடுகின்றன. மரத்தில் எறும்பை ஏறவிடாமல் தடுத்தால் குளவி தன் வேலையைச் செய்யும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு

இந்த நூறு ஆண்டு வரலாற்றிலிருந்து வீட்டில் எலுமிச்சை வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில.

முதலாவது, கன்று எங்கிருந்து வருகிறது என்பது. உரமும் தண்ணீரும் பிறகுதான். நோயோடு வந்த கன்றை எந்த உரமும் காப்பாற்றாது. சான்று பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஒட்டுக்கன்று சில ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதுதான் நல்லது. நண்பர் தோட்டத்து மரம் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுப்பது ஆபத்து. பழைய மேயர் மரங்களும் அப்படிச் செழிப்பாகத்தான் நின்றன.

இரண்டாவது, துளிரைப் பார்க்கும் பழக்கம். சைலிட், அசுவினி இரண்டுமே புதுத் துளிரைத்தான் தேடி வரும். துளிர்விடும் நாட்களில் வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். மஞ்சள் நிறக் குஞ்சுகளும், அவற்றிலிருந்து நீளும் வெள்ளை மெழுகுச் சுருள்களும் சைலிட்டின் அடையாளம்.

மூன்றாவது, இலை மஞ்சளானால் உடனே பயப்படவோ, உடனே உரம் போடவோ வேண்டாம். துத்தநாகம், இரும்பு போன்ற சத்துக் குறைவால் வரும் மஞ்சள், நடு நரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். ஹுவாங்லாங்பிங் நோயின் மஞ்சள் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள வேளாண்மை அலுவலரிடம் காட்டலாம்.

நான்காவது, பராமரிக்க முடியாத மரத்தை வைத்திருக்க வேண்டாம். கவனிப்பாரற்று நிற்கும் மரம் அந்தத் தெருவுக்கே பூச்சி வளர்க்கும் பண்ணை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. வீட்டு எலுமிச்சை மரம் வேலிக்கு உள்ளே நிற்கிறது, ஆனால் அதன் நோய் வேலியை அறியாது. ஃபெங்தாய் முற்றத்தில் ஒரு தொட்டிச் செடியிலிருந்து எடுத்த குச்சி, கண்டம் தாண்டி வந்து ஒரு மாநிலத்தின் தோப்புகளை மிரட்டியது. ஃபுளோரிடாவில் வீட்டுக்காரர்களின் சம்மதம் இல்லாமல் மரங்களை வெட்டியும் நோயை வெல்ல முடியவில்லை. கலிபோர்னியாவில் நோய் இன்னும் தோப்புகளை விழுங்கிவிடாமல் தாமதப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, தன் மரத்தின் துளிரைத் திருப்பிப் பார்த்துத் தகவல் சொன்ன சாதாரண வீட்டுக்காரர்கள்.